கழுவிய கல்

தொட்டிக்கடை வாசலில் மூன்று குழாய்கள் இருந்தன. முதல் குழாயில் முழங்கை வரை கைகளைக் கழுவ வேண்டும். இரண்டாவதில் மோதிரம், வளையல். மூன்றாவதில் கால்கள். தூத்துக்குடியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே முறைதான் என்பதால் பூரணியும் சுயம்புவும் பேசிக்கொண்டே கழுவி முடித்தார்கள். பூரணியின் அப்பாவோடு பிறந்த தாயம்மா அத்தைக்கு மட்டும்தான் இது புதிது. அவள் அன்று காலைதான் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

“இதுல்லா ஊரு!” என்றாள் அத்தை, ஈரக் கைகளைத் தூக்கிப் பார்த்து. “காலையிலருந்து இது ஏழாவது கழுவு. எங்க தெருவுல ஒரு பயலாவது கால் கழுவிட்டு வீட்டுக்குள்ள வாரானா?”

கல்யாணத் தொட்டி எடுக்க இரண்டு வீட்டிலுமாகப் பதின்மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். கடைக்குள் மூன்று பேருக்குத்தான் அனுமதி. மாப்பிள்ளை, பெண், வயதில் மூத்தவர் ஒருவர் என்று அத்தை உள்ளே வந்துவிட்டாள். மற்ற பத்துப் பேரும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கையை ஆட்டி ஆட்டி யோசனை சொன்னார்கள்.

“எங்களுக்கு அந்தச் சின்னது போதும்க்கா,” என்று பூரணி நாற்பது லிட்டர் தொட்டியைக் காட்டினாள். “வீட்டுல அம்மா யாரையும் தொட்டிப் பக்கம் விட்டதே இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம் கிடையாது.”

கடைக்காரி பிலோமி அக்கா சிரித்தாள். “பழகாதவங்கதான் பெருசா எடுக்கணும். ஒரு செம்புத் தண்ணியில ஒரு கை உப்பு விழுந்தா வாயில வைக்க முடியுமா? அதே உப்பு கிணத்துல விழுந்தா யாருக்குத் தெரியும்? நீங்க தப்பு பண்ணத்தான் செய்வீங்க. அதைத் தாங்குற அளவுக்குத் தண்ணி வேணும்.”

“எவ்வளவு பெரிய தப்பைத் தாங்கும்?” என்று கேட்டான் சுயம்பு.

“இருநூத்தி நாப்பது லிட்டர் எடுத்தா உன்னையவே தாங்கும்.”

அத்தை ஒரு தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். “வேற டிசைன்ல காட்டும்மா. இது வெறிச்சுன்னு இருக்கு. பச்சையில இல்லையா?”

“பச்சை தானா வரும்மா. பாசி.”

இருநூற்று நாற்பது லிட்டர் என்று முடிவானது. நான்கடி நீளம். பீரோ வைப்பதற்கென்று சுயம்பு மனத்தில் குறித்து வைத்திருந்த சுவர் அதோடு போயிற்று.

யாரும் இறங்கக் கூடாதென்று கடலை மூடி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வளைகுடாவின் தண்ணீர் சூடேறி, பவளப்பாறைகள் வெளுத்துச் சாகத் தொடங்கியபோது, எடுக்க முடிந்த உயிர்களையெல்லாம் எடுத்து வீடு வீடாகப் பங்கு வைத்தார்கள். கடல் ஆறும்வரை ஒவ்வொரு வீடும் அதில் ஒரு துண்டைக் காக்க வேண்டும். வீட்டுக்கடல் என்று அதற்குப் பெயர். ஒருமுறை வெண்புள்ளி நோய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாவி, ஒரே வாரத்தில் பாதி ஊரின் மீன்களை அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு வந்ததுதான் வாசல் விதி. ஒரு வீட்டுத் தண்ணீரின் ஒரு சொட்டுகூட இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. நோய் போய் இருபது வருடமாகிறது. குழாய்கள் மட்டும் வாசல்களில் நின்றுவிட்டன.

தொட்டியோடு பிலோமி அக்கா ஈரச்சாக்கு போர்த்திய ஒரு வாளியைக் கொடுத்தாள். உள்ளே பூசணிக்காய் அளவில் ஒரு கல். ஊதாவும் பழுப்புமாகப் படை படிந்து, ஓட்டைகளிலிருந்து ஏதேதோ நெளிந்தது.

“உயிர்க்கல். கல்யாணத்துக்கு ஒண்ணுதான் தருவாங்க. இதுல கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் கோடிக்கணக்குல குடியிருக்கு. மீன் கழிக்கிற நச்சையெல்லாம் அதுங்கதான் தின்னு தீர்க்கும். இது உயிரோட இருந்தா ரெண்டு வாரத்துல உங்க தண்ணி தேறிரும். செத்துட்டா, நுண்ணுயிர் புதுசா வளர ரெண்டு மாசம்.”

பூரணி ஒவ்வொரு சொல்லையும் மனத்தில் எழுதிக்கொண்டாள். அத்தை அந்த நேரம் டீக்கடைப் பக்கம் திரும்பி, இருநூற்று நாற்பதை விரல்களால் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று ஆனி பன்னிரண்டு. கடல் குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கப்படுவதற்காகவே பூரணியும் சுயம்புவும் நான்கு வருடம் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். தொட்டியின் கனத்தைத் தாங்கும் தரை அந்த வீடுகளில்தான் இருந்தது. ஆனி முப்பதுக்குள் தண்ணீர் தேறி, சான்று வாங்கி, கல்யாணமும் பதிவாக வேண்டும். தவறினால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி நான்கு வருடம்.

மதியம் புது வீட்டில் சுயம்பு கடலுப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினான். பூரணி நீர்மானியை வைத்து உப்பின் அளவைப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்ததும், “கல்லை எடுத்துட்டு வாங்க அத்தை,” என்று கூப்பிட்டாள்.

அத்தை சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கல் இருந்தது. பல் விளக்கியதுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

“எவ்வளவு அழுக்கு! ஒரு மணி நேரமாச்சு. சோப்பு போட்டு, கம்பி நாரால தேய்ச்சு, வெந்நி ஊத்தி அலசினேன். ஓட்டையில புழு வேற. இந்த ஊர்ல ஆளுக்கு ஏழு தடவை கழுவுதாங்க, கல்லை மட்டும் அப்படியே குடுத்திருக்காளே அந்தக் கடைக்காரி!”

சுயம்பு தொட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பூரணிக்கு அழுகை வரவில்லை. “அத்தை… அத்தை…” என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். விஷயம் புரிந்ததும் அத்தை கல்லை மெதுவாகத் தரையில் வைத்தாள். அந்த வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. அப்போது மூடியது.

மூவரும் கல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். ஓடிவந்த பிறகும் மூன்று குழாய்களிலும் கழுவ வேண்டியிருந்தது. பிலோமி அக்கா கல்லை முகர்ந்து பார்த்தாள். “எலுமிச்சை வாசம்,” என்றாள் சோகமாக. “சுத்தமா போயிட்டு.”

“வேற கல்லு?”

“ஒரு கல்யாணத்துக்கு ஒண்ணுதான் பிள்ளே. அது வளர மூணு வருஷமாகும்.”

“எங்கம்மா தொட்டியிலருந்து ஒரு துண்டு உடைச்சுக்கிட்டா?”

“வாசல் விதி இருக்குல்லா. கல்யாணம் முடிஞ்சாத்தான் உங்க வீடும் அம்மா வீடும் ஒரே வாசல்.”

“தொட்டி தேறினாத்தானேக்கா கல்யாணம்!” என்றான் சுயம்பு.

“அதான் நானும் யோசிக்கேன்.”

பூரணி தலையை நிமிர்த்தினாள். பிலோமி அக்காவின் தலைக்கு மேல் வாசல் விதி அச்சடித்த பலகை தொங்கியது. எல்லாக் கடைகளிலும் எல்லா வீடுகளிலும் தொங்குவதுதான். யாரும் நின்று படித்ததில்லை. அவள் எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள்.

“உயிருள்ள தொட்டிக்குள் வேறு வாசலின் நீரோ, கல்லோ, உயிரோ புகக் கூடாது.” பிறகு திரும்பினாள். “அக்கா, எங்க தொட்டியில உயிர் இருக்கா?”

“எங்க இருக்கு? அதைத்தான் உங்க அத்தை சோப்பு போட்டு…” பிலோமி அக்கா பாதியில் நிறுத்தினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையில் மூக்கு உரச ஒருமுறை தானே படித்தாள். “இருபது வருஷமா என் மண்டைக்கு மேல தொங்குது, படிச்சதே இல்லையே! இந்த ஊர்ல உயிரில்லாத தொட்டின்னு ஒண்ணு இதுவரைக்கும் இருந்ததில்ல. கல்லோடதானே எல்லாத் தொட்டியும் வீட்டுக்குப் போகும்.”

“சான்று குடுத்தாத்தானே உயிருள்ள தொட்டின்னு எழுதுவாங்க? அது வரைக்கும் வெறும் உப்புத்தண்ணி. சரிதானேக்கா?”

“சரிதான் போலிருக்கே.”

அப்போதுதான் அத்தைக்கு வாய் திறந்தது. “அப்ப யார் வீட்டுலருந்து வேணும்னாலும் கல்லு வாங்கலாமா?”

“வாங்கலாம்மா. ஒரு வீட்டுத் துண்டு இவ்வளவு தண்ணிக்குக் காணாது, பல வீட்டுல கேக்கணும். குடுக்க மனசு வேணும்.”

“அந்த வாளியைக் குடு,” என்றாள் அத்தை.

அடுத்த மூன்று நாட்களும் கல்யாணப் பத்திரிகை ஒரு கையிலும் வாளி மறு கையிலுமாக அத்தை தெருத்தெருவாக நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் கழுவினாள். “கழுவக் கூடாததைக் கழுவின பாவி நான்தான் தாயி. ஒரு பிடி கல்லு குடுங்க. பிள்ளைங்களுக்கு வேற மொய் வேண்டாம்,” என்றாள். முதல் நாள் நான்கு வீட்டில்தான் கொடுத்தார்கள். தொட்டியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்பதே அந்த ஊருக்குக் கை வராத காரியமாகியிருந்தது. ஆனால் கல்லைச் சோப்பு போட்டுக் கழுவிய அம்மாளைப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் இருந்தது. சிரித்துக்கொண்டே கதையைக் கேட்டவர்களால் வாளியை வெறுமனே அனுப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை நாற்பத்தொரு வீட்டுக் கற்கள் சேர்ந்திருந்தன.

வேறு ஒரு தொல்லை பிறகுதான் தொடங்கியது. கொடுத்தவர்கள் தங்கள் கல்லைப் பார்க்க வந்தார்கள்.

“எங்க கல்லு எது?”

“அந்தா, இடது பக்கம், குழாய்க்குப் பின்னால சித்தப்பா.”

“பின்னாலயா வச்சிருக்கே? அந்தக் கோடி வீட்டுக்காரன் கல்லு மட்டும் முன்னால நிக்குது?”

சுயம்பு தினமும் கற்களை இடம் மாற்றி வைத்தான். அதனால் வேறு கோபங்கள் வந்தன. ஆனால் வந்தவர்கள் சீக்கிரம் போகவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் தொட்டியில் புதிதாக ஏதாவது ஒன்று வெளியே வந்திருந்தது. ஒரு கல்லிலிருந்து விசிறி போன்ற ஒரு புழு விரிந்தது. இன்னொன்றிலிருந்து நூல் கால்களோடு ஒரு நட்சத்திரம் எட்டிப்பார்த்தது. நகத்தளவு நண்டு ஒன்று நாற்பத்தொரு வீட்டுக் கற்களிலும் ஏறி இறங்கி ஊர் சுற்றியது. தங்கள் வீட்டுத் துண்டை மட்டுமே பார்த்துப் பழகியிருந்தவர்கள், பக்கத்து வீட்டில் என்ன இருந்தது என்பதை முதன்முதலாகப் பார்த்தார்கள். பூரணி மட்டும் தினமும் தண்ணீரில் மருந்து சொட்டி நச்சின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நச்சு நான்கு. மூன்று. ஆனி இருபத்தாறில் ஒன்று. அதற்குக் கீழே இறங்காமல் இரண்டு நாள் அடம்பிடித்தது.

ஆனி இருபத்தொன்பது காலை பத்து மணிக்கு நீராய்வாளர் ஹமீதா வந்தாள். யாரோடும் பேசாமல் கழுவினாள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டி, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பூரணி சுயம்புவின் விரலை நசுக்கிக்கொண்டு நின்றாள்.

“நச்சு சுழியம்,” என்றாள் ஹமீதா.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுயம்பு தன் விரலைத் திரும்பப் பெற்றான்.

ஹமீதா சான்றுத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்தாள். எழுதக் குனிந்தவள் தொட்டியின் ஓரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். கண்ணாடியின் உட்புறத்தில், அரிசியைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. கீழே மணலில் இரண்டு சிறு சங்குகள் பாதி புதைந்து கிடந்தன. பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தச் சங்கு யார் வீட்டுலருந்து வந்துச்சு?”

“கல்லோட்டையில ஒளிஞ்சு வந்திருக்கு மேடம்,” என்றாள் பூரணி பயத்தோடு. “ஒண்ணு மேலத் தெரு, ஒண்ணு கீழத் தெரு. தப்பா?”

“முட்டை போட்டிருக்கு.”

ஹமீதா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மண்சங்கு. வீட்டுக்கு ஒண்ணுன்னு பங்கு வச்சாங்க. ஆண் ஒரு வீட்டுல, பெண் ஒரு வீட்டுல. பத்தொன்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். மண்சங்குன்னா என் பதிவேட்டுல செத்தது எத்தனைங்கிறதை மட்டும்தான் எழுதியிருக்கேன். பொறந்ததுக்குக் கட்டமே கிடையாது.” அவள் மறுபடியும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள். “எல்லாத்தையும் பத்திரமாத்தான் வச்சிருந்தோம். தனித்தனியா.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. எங்கம்மா காலத்துலருந்து ஒத்தையாவே கிடக்கு. கொண்டுட்டு வரலாமா?”

“தாராளமா கொண்டுட்டு வாங்க,” என்ற பூரணிக்கு உடனே விதி ஞாபகம் வந்தது. “ஆனா மேடம், சான்று குடுத்துட்டா இது உயிருள்ள தொட்டி ஆயிருமே. அப்புறம் எதுவும் உள்ள வர முடியாதே.”

ஹமீதா தாளைப் பார்த்தாள். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. பேனாவை மூடி, தாளின் மேல் வைத்தாள்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடலையே. பதினொரு மணி வரைக்கும் இது வெறும் உப்புத்தண்ணிதான்,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

“கையெழுத்துப் போடாம போறாளே!” என்று அத்தை பதறினாள்.

“போடாம போனதுதான் நல்லது பெரியம்மா,” என்றான் சுயம்பு, சன்னலைத் திறந்தபடி.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். மேலத் தெருவில் ஒரு கதவு திறந்தது. பிறகு அதற்கு எதிர்க்கதவு. ஈரத்துணி போர்த்திய செம்புகளும் கிண்ணங்களும் குண்டாக்களுமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். தண்ணீர் தளும்பாமல் இருக்கக் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல், கடல் குடியிருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பூரணி கதவை விரியத் திறந்து வைத்தாள். மணி பத்து நாற்பது.