மூலைப் பெட்டியின் மழை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தினமும் நாலரை மணிக்கு ஒரு மழைக்குள் போய் உட்காருவேன். நனைக்காத மழை. குடை வேண்டாத மழை.

அது பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் பெய்தது. அம்மாவுக்கு அங்கேதான் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வாள்; முறை வந்ததும் கூப்பிடுவாள். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய், நீளப் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். என் தோளை ஒட்டினாற்போல் அந்த மீன்தொட்டி.

பெரிய தொட்டி, கண்ணுகளா. என் அப்பா அதற்குள் காலை நீட்டிப் படுக்கலாம்; தலையணைக்கும் இடம் இருக்கும்.

தொட்டியின் ஒரு மூலையில், அடியிலிருந்து மேல்வரை கருப்பாக ஒரு ஒடுக்கமான பெட்டி. அதன் மேல் விளிம்பு சீப்பு மாதிரி இருக்கும். தொட்டித் தண்ணீர் அந்தச் சீப்பின் இடுக்குகளில் வழிந்து, பெட்டிக்குள் சளசளவென்று விழும். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்குப் போகும். அங்கே அழுக்கு நீங்கியதும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றிவிடும். பாவம், அந்தத் தண்ணீருக்கு நாள் முழுக்க ஏறி இறங்குவதே வேலை.

அந்தச் சளசளதான் எங்கள் மழை.

மழைக்கு மேலே கத்திக் கத்தி அம்மாவின் குரல் பெரிதாகிப் போயிருந்தது. வீட்டில் "உப்பை எடு" என்றால்கூடத் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

டாக்டரம்மாவுக்கும் அதே குறை. "எங்க வலிக்குதுன்னு கேட்டா, 'மேல'ன்னு சொல்றாங்களா 'கீழ'ன்னு சொல்றாங்களான்னே தெரியல" என்று அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் மூலைப் பெட்டியின் பசை விட்டுப்போய், பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சீப்பில் ஒரு பல் ஏற்கெனவே உடைந்திருந்தது. அந்தச் சந்தில் நுழைந்த குட்டி மீன்கள் குழாயில் சறுக்கிக் கீழ்த்தொட்டிக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தன. நானும் அம்மாவும் வலையால் பிடித்து மேலே விடுவோம். மறுநாள் அதே மீன் மறுபடி கீழே நிற்கும். சறுக்குமரம் பிடித்துப் போய்விட்டது போல.

டாக்டரம்மா தொட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

தொட்டிக்காரர் மாமா ஆள் மலை மாதிரி இருப்பார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். ஆனால் கண்ணாடியைத் தொட்டால், தூங்கும் குழந்தையைத் தொடுகிற மாதிரித் தொடுவார்.

"பெட்டியை மாத்தியே ஆகணும். பழசுல இனி உயிர் இல்ல" என்றார்.

"மாத்துறப்போ அந்தச் சத்தத்தையும் நிறுத்திடுங்க" என்றார் டாக்டரம்மா.

மாமாவின் முகம் மலர்ந்தது. "சத்தமா? மீன் கொட்டாவி விட்டாக் கேக்கும், அப்படிப் பண்ணித் தரேன்!"

ஒரு வாரம் வேலை நடந்தது. மீன்கள் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குக் குடிபோயின. மாமா பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். புதுப் பெட்டியை நிறுத்தி, ஓரமெல்லாம் சிலிக்கான் பசை வைத்து, விரலால் ஒரே இழுப்பாக வழித்துவிட்டார். அறை முழுக்கப் புளித்த வாடை. பசை காயும்வரை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. புதுச் சீப்பின் பற்கள் நெருக்கமாக இருந்தன. சுற்றுலா ரத்து.

கடைசி நாள் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டார். பழையபடி சளசள. பிறகு அலமாரிக்குள் தலையை விட்டு, பெட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். நான் மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். வால்வு மூட மூட, பெட்டிக்குள் தண்ணீர் மட்டம் ஏறியது. மட்டம் ஏற ஏற, மேலிருந்து விழும் தண்ணீருக்கு விழ இடமே இல்லாமல் போனது. ஒரு முழம் விழுந்தது ஒரு சாண் ஆனது. ஒரு சாண் ஒரு விரல் ஆனது.

மழை நின்றுவிட்டது.

மாமா வால்வில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். "பாப்பா, இதுல கை வைக்கவே கூடாது. ஒரு மயிரிழை கூடுதலா மூடினாலும் மேல்தொட்டி வழிஞ்சு அறையெல்லாம் வெள்ளம்."

"அடுத்தது யாரு?" என்று அம்மா வழக்கம்போலக் கூப்பிட்டாள். பெஞ்சில் இருந்த நாலு பேரும் துள்ளி விழுந்தார்கள்.

மறுநாள்தான் வினை தெரிந்தது.

'ஙீ...ஈ...ஈ...' உள் அறையில் பல்லைக் குடையும் கருவி. அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போதுதான் கேட்டது. முதுகுத்தண்டில் யாரோ ஆணியால் கோடு போட்ட மாதிரி இருந்தது. பெஞ்சில் இருந்த ஒரு பெரிய மனிதர், "அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு" என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

அப்போது ஒரு பஸ் ஓட்டுநர் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயது இருக்கும். எல்லோரும் பட்டாணி என்றே கூப்பிடுவார்கள். ஒரு கன்னம் எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்த மாதிரி வீங்கியிருந்தது.

பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "உள்ள சீழ் கட்டியிருக்கு. இன்னைக்கே பண்ணணும். தள்ளிப்போட்டா வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறிடும்."

உள்ளே ஒரு ஙீ. அவ்வளவுதான். பட்டாணி அப்பாவின் கையிலிருந்து வழுக்கி ஓடி, வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டேய் ராசா, அப்பா சொன்னா கேப்பியே!"

"ம்ஹும்."

அம்மா ரேடியோவைப் போட்டாள். அதில் யாரோ உர விலையைப் பற்றிப் பேசினார்கள். பட்டாணி இன்னும் பலமாக அழுதான். டாக்டரம்மா பொம்மையைக் காட்டினார். அது பல் விளக்கும் பொம்மை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறுபது பேர் உட்காரும் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு, ஒரு பட்டாணியை நகர்த்த முடியவில்லை. படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி பரவால்ல. அந்தச் சத்தம்தான்" என்றான். வாய் வீங்கியதால் பேச்சு கொழகொழவென்று வந்தது.

"போன மாசம் உன் அக்காகூட வந்தப்போ நீ அழவே இல்லையே? மீன் எண்ணிட்டு இருந்தியே?"

"அன்னிக்கு அந்தச் சத்தம் இல்ல. அன்னிக்கு மழ பெஞ்சுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு துளி மழை இல்லை. மொட்டை வெயில்.

"டாக்டரம்மா! அந்த மழையைத் திருப்பிக் கொண்டுவரணும்!" என்று உள்ளே ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "அவருக்குப் போன் போடுங்க" என்றார்.

தொட்டிக்காரர் மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"சத்தம் வேணாம்னு சொன்னீங்க. ஒரு வாரம் உயிரைக் கொடுத்துப் பண்ணேன். இப்ப சத்தம் வேணுமா?"

"மாமா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல" என்றேன். "மூடினா மட்டம் ஏறுது, சத்தம் போகுது. அப்போ கொஞ்சம் திறந்தா மட்டம் இறங்கும், மழை வரும். சரிதானே?"

மாமா என்னைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தையும் பார்த்தார். கடுகடு கரைந்துபோனது.

"சரிதான். ஆனா எவ்வளவு திறக்கிறது? எனக்கு நிறுத்தத்தான் அளவு தெரியும்."

"அதைப் பட்டாணி சொல்லுவான்" என்றேன்.

பட்டாணி கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தான்.

"இங்க பாரு, டாக்டரம்மா சும்மா காத்துல அந்த மெஷினை ஓட்டுவாங்க. யார் வாயிலயும் இல்ல. மாமா வால்வைத் திறப்பாரு. எப்ப போதுமோ அப்ப நீ கையைத் தூக்கு."

அவன் மெல்ல வந்து தொட்டியில் காதை வைத்தான். உள்ளே ஙீ. மாமா திருகினார். மட்டம் ஒரு விரல் இறங்கியது. சள. இன்னும் திருகினார். ஒரு சாண் இறங்கியது. சளசள. கை எழவில்லை. இன்னும் திருகினார்.

'கொர்ர்ர்ர்ர்ப்!'

குழாய் காற்றையும் சேர்த்துக் குடித்து, எருமை மாதிரி ஏப்பம் விட்டது. பட்டாணி சிரித்துவிட்டான். சிரித்ததும் கன்னம் வலித்தது. "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மறுபடி சிரித்தான். அவனுடைய அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமா கொஞ்சம் பின்னால் திருகினார். ஏப்பம் நின்றது. சளசளசள என்று பழைய மழை பெய்தது.

கை எழுந்தது.

"இங்க மழை கேக்குது. உள்ள நாற்காலியிலயும் கேக்குதான்னு நீ போய்ப் பாக்குறியா?" என்று நான் கேட்டேன். "உனக்குத்தானே அளவு தெரியும். ஆனா பொய் சொல்ல மாட்டேன். அங்க உக்காந்தா டாக்டரம்மா பல்லையும் சரி பண்ணுவாங்க."

அவன் யோசித்தான். "கைய தூக்கினா நிறுத்துவாங்களா?"

"அந்த நிமிஷமே" என்றார் டாக்டரம்மா.

பட்டாணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடியது. அம்மா, நான், மாமா மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாமாவின் வாழைப்பழ விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. அவருக்கு எங்களைவிடப் பதற்றம்.

இரண்டு தடவை கருவி நின்றது. இரண்டு தடவையும் மறுபடி ஓடியது. மழைக்குப் பின்னால், எங்கோ தூரத்துத் தெருவில் ஓடுகிற தையல் இயந்திரம் மாதிரிதான் அது கேட்டது.

கதவு திறந்தது. வாயில் பஞ்சோடு பட்டாணி வந்தான். அவனுடைய அப்பா பின்னாலேயே வந்தார். என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

மாமா வால்வில் இன்னொரு நூல் கட்டினார், நீல நிறத்தில். "சிவப்பு என் அளவு. நீலம் பையன் அளவு" என்றார்.

டாக்டரம்மா அதற்கப்புறம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும்போது, விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். அம்மாவின் குரல் கடைசிவரை இறங்கவே இல்லை.

எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. இப்போதும் வெளியே தூறல் போட்டால், எனக்குப் புளித்த பசை வாடை வருகிறது. மடியில் கணக்கு நோட்டு இருப்பது போலத் தோன்றுகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு ஆறு மாதம் கழித்து நடந்தது. பட்டாணி பல்லைக் காட்ட மறுபடி வந்தான். யாரிடமும் பேசவில்லை. நேரே தொட்டிக்குப் போய்க் காதை வைத்தான். குனிந்து நீல நூலைப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் வந்து, பெரிய அதிகாரி மாதிரித் தலையை ஆட்டினான்.

"மழை சரியா பெய்யுது. என் பேரை எழுதிக்கோங்க."