தொடாமல் பேசிய டிரம்

கையில் எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு ‘டமாரம்’ என்று பெயர் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு, பள்ளி மேசை, தம்பியின் தலை என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். பள்ளி வாத்தியக் குழுவில் ஸ்நேர் டிரம் வாசிப்பவளும் அவள்தான்.

“இந்த டிரம் இடி மாதிரி முழங்குது. ஆனா மெதுவா வாசிக்கிற இடத்துல வாயே திறக்க மாட்டேங்குது” என்றார் பேண்ட் மாஸ்டர். “கூடுதலா இன்னொண்ணு வாங்கிடலாம். வாசிக்கப் போறவ நீ. நீயே போய்ப் பார்த்து எடு.”

அப்பாவோடும் தம்பி வாலுவோடும் அவள் கடைக்குப் போனாள்.

“அக்கா, இதுதான்! என் முகமே தெரியுது பாரு!” வெள்ளி போல மின்னிய ஒரு டிரம்மின் முன் நின்று வாலு பல்லைக் காட்டினான்.

டமாரம் குச்சியை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு டிரம்மையும் நகத்தால் லேசாகத் தட்டிக் காது கொடுத்தாள். மூலையில் பழுப்பு நிற மர டிரம் ஒன்று இருந்தது. அவள் அதன் மேல் குனிந்து, “நீ எப்படி?” என்று கேட்டதுமே, “ஸ்ர்ர்ர்...” என்றது.

வாலு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்தான்.

“பயப்படாத தம்பி. அடித்தோலை ஒட்டி மெல்லிசாக் கம்பிகள் இருக்கு பாரு, அதுதான் நடுங்குது” என்றார் கடைக்காரர். “யாராவது தும்மினாக்கூட இது பதில் சொல்லும். அதனாலயே யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க.”

“எனக்கு இதுதான் வேணும்” என்றாள் டமாரம்.

மறுநாள் விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மதியமே வானம் கறுத்து மழை கொட்டியது. மின்சாரமும் போய்விட்டது. அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் அமைதியாக இருந்தது.

“ஸ்ர்ர்... ஸ்ர்ர்... ஸ்ர்ர்...”

சுவரோரம் தரையில் இருந்த டிரம்தான்! பக்கத்தில் யாரும் இல்லை.

“நீ தட்டினியா?” என்றாள் டமாரம்.

“நான் உன் மடியிலதானே இருக்கேன்!” என்றான் வாலு. எப்போது வந்து ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. “அக்கா... அதுக்குள்ள யாரோ இருக்காங்க.”

டமாரத்துக்கும் பயம்தான். ஆனாலும் எழுந்து போய் டிரம்மைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தாள். சத்தம் நின்றது. மறுபடி தரையில் வைத்தாள்.

“ஸ்ர்ர்... ஸ்ர்ர்...”

“டிரம்முக்குள்ள யாரும் இல்லடா” என்றாள் மெதுவாக. “தரைதான் நடுங்குது.”

“அது இன்னும் மோசம்!”

சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஒன்று கீழே இறங்கியது. டமாரம் அதில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்திலிருந்து மிக மெலிதாக ‘டொக்... டொக்...’ என்றது. குச்சியை எடுத்துக் குழாயில் ஓங்கித் தட்டினாள்.

ஒரு கணம் அமைதி. பிறகு ‘டொக்டொக்டொக்டொக்!’ என்று கீழிருந்து அவசரமாகப் பதில் வந்தது. டிரம் கிடுகிடுவென நடுங்கியது.

“வாலு, டார்ச்சை எடு.”

“நான் வரல.”

“சரி, நீ இங்கேயே தனியா இரு.”

வாலு டார்ச்சோடு முதலில் வாசலில் நின்றான்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்; ஆள் இல்லை. டிரம்மை அணைத்தபடி இருண்ட படிகளில் இறங்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் டமாரம் அதைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடியது. கடைசியாகப் பூமிக்கடியில் பம்ப் அறையின் இரும்புக் கதவு. அங்கே வைத்ததும் டிரம் அலறியே விட்டது. கதவின் இடுக்கிலிருந்து கறுப்பாக ஏதோ நெளிந்து அவர்கள் காலைத் தொட்டது.

“அக்கா, பாம்பு!”

“தண்ணிடா!”

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கரகரத்த குரலில் முனகினார்கள். மனிதக் குரலா அது? டமாரம் கதவருகே குனிந்தாள். “யா... யாரு?”

“கதவைத் திற, பாப்பா... தண்ணி ஏறுது...”

வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்து மாட்டிக்கொண்டிருந்தது. இருவரும் தொங்கி இழுத்தார்கள். படாரென்று கதவு திறக்க, தண்ணீரோடு சேர்ந்து தொப்பலாக நனைந்த குழாய்க்காரர் வந்து விழுந்தார். முதல் வேலையாகத் தவழ்ந்து போய், வெளியே குழாயில் இருந்த வால்வுச் சக்கரத்தைத் திருகித் தண்ணீரை நிறுத்தினார்.

“ரிப்பேர் பார்த்துட்டு இருந்தேன். காத்துல கதவு சாத்திக்கிச்சு. கரண்டும் போச்சு. மாடித் தொட்டியிலேர்ந்து வர்ற பைப்பும் பிடுங்கிக்கிச்சு” என்றார், பற்கள் கிடுகிடுக்க. “கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஸ்பேனரால தட்டிக்கிட்டே இருந்தேன். யாருக்கும் கேட்கல. உங்களுக்கு எப்படிம்மா கேட்டுச்சு?”

“எங்களுக்கும் கேட்கல” என்றான் வாலு. “இதுக்குத்தான் கேட்டுச்சு!”

வீட்டுக்குக் கூட்டி வந்து துண்டு கொடுத்தாள், போர்வை கொடுத்தாள், சூடாகப் பால் கொடுத்தாள். நடுக்கம் அடங்கியதும் அவர் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்கே, கொஞ்சம் வாசி. ஆனா மெதுவா. இவ்வளவு நேரம் இரும்புச் சத்தம் கேட்டுக் காதே மரத்துப்போச்சு.”

டமாரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனிகளால் வாசித்தாள். வெளியே மழையா, உள்ளே டிரம்மா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக.

சிறிது நேரத்தில், “கொர்ர்ர்...” என்று ஒரு சத்தம்.

வாலு துள்ளி எழுந்தான். “அக்கா! மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு!”

“உஷ்!” என்றாள் டமாரம் சிரித்துக்கொண்டே. “இது அவரோட குறட்டைடா.”