அது சாப்பிடுது

வேர்க்கடலை சூப்பில் உப்பு இல்லை.

ஒபாரே முதல் வாயிலேயே கண்டுகொண்டார். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் அசபேயா சூப்பை அடிபிடிக்க விட்டிருக்கிறாள். ஒருமுறை கோபத்தில் மிளகாயை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். உப்பை மறந்ததில்லை. மூன்று நாள் தொடர்ந்து மறப்பதற்குப் பெயர் மறதியும் இல்லை.

"என்ன, உப்புப் போடலியா?"

அவள் சமையலறை வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. மேசையில் உப்பு ஜாடியும் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்தின் மேலும் புழுதி படியத் தொடங்கியிருந்தது. வெளியே ஹர்மட்டான் காற்று பாலைவனத்தையே பொடியாக்கிக் கொண்டுவந்து கொஃபோரிடுவா ஊரின் மேல் சலித்துக்கொண்டிருக்க, பட்டப்பகல் சூரியன் அழுக்குத் துணிக்குப் பின்னால் வைத்த விளக்கு மாதிரி மங்கிக் கிடக்க, வறண்ட கதவுச் சட்டங்கள் சொடக்கெடுக்கும் விரல்களைப் போல ஒவ்வொன்றாக முறிந்து ஓசையிட, எங்கோ சருகு எரியும் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஒபாரே ஃபுஃபுக் களியைச் சூப்பில் தோய்த்து, கோபத்தையும் சேர்த்து விழுங்கினார்.

ஒபாரே யார் என்பதை அவரே தன் வலைப்பக்கத்தில் எழுதி வைத்திருந்த சொற்களில் சொல்வதுதான் மரியாதை: "பண்பாட்டு அறிஞர், மரபுக் காவலர், சிந்தனையாளர்." மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை.

அந்தப் பக்கம் இருந்த வலைத்தளத்தின் பெயர் 'முன்னோர் வழி'. ஒரு காலத்தில் நாளொன்றுக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். சாவு வீட்டில் யார் முதலில் வாய் திறப்பது, எந்தச் சொந்தத்துக்குக் கறுப்பு, எந்தச் சொந்தத்துக்குச் சிவப்பு என்று எதைத் தேடினாலும் தேடுபொறி அவர் வாசலில்தான் கொண்டுவந்து விட்டது. பிறகு தேடுபொறிக்கே வாய் முளைத்தது. ஒருவரையும் எங்கேயும் அனுப்பாமல், கேட்ட கேள்விக்கு அதுவே நாலு வரியில் பதில் சொல்லிவிட்டது. நாலில் மூன்று வரி ஒபாரேயுடையது. ஆனால் அவர் வாசலுக்கு வருகிறவர்கள் பதினொரு பேர் ஆனார்கள். அதில் ஒன்பது பேர் ஒபாரே.

குமாசியில் கட்டட மேஸ்திரியாக இருக்கும் தம்பி லார்பிதான் அப்போது சிரித்துக்கொண்டே யோசனை சொன்னான். "அண்ணே, ஆள் வரலன்னு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற? செத்துப்போச்சுன்னு போஸ்டர் அடி. நம்ம ஊர்ல உயிரோட இருக்கிறவனை எவன் பார்க்க வர்றான்? சாவுன்னா பஸ் பிடிச்சு வருவான்."

ஒபாரே அடித்தார். கறுப்புக் கட்டம், கண்ணீர் அஞ்சலி, "முன்னோர் வழி மறைந்தது", கீழே நிறுவனர் ஒபாரேயின் பெரிய படம். தளத்துக்குத்தான் அஞ்சலி. படம், பாவம், வேறு யாருடையதைப் போடுவது? அடுத்த வாரமே தளத்தை இழுத்து மூடினார். அஞ்சலியை ஒரு மனிதரும் படிக்கவில்லை. படிக்க வேண்டியது படித்துவிட்டிருந்தது.

நான்காம் நாள், அசபேயா பின்கட்டில் நின்று போனில் பேசுவது காதில் விழுந்தது.

"அழாத லார்பி. ... ஆமா, வேளாவேளைக்குத் தட்டு வெக்கிறேன். ... ம், சாப்பிடுது. மிச்சம் வெக்காம சாப்பிடுது."

எது சாப்பிடுகிறது? ஒபாரே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். இந்த வீட்டில் பூனை கிடையாது, நாய் கிடையாது. கடைசிக் கோழியும் போன ஈஸ்டரோடு போயிற்று. நிமிர்ந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. அவள் தன்னை 'ஓவுரா' என்று கூப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது? ஓவுரா வந்தாச்சா, ஓவுரா சாப்பிட்டாச்சா என்று நாளுக்கு நாற்பது தடவை 'எஜமான்' பட்டம் கட்டிய வாய். அந்தப் பட்டத்துக்காகவே அவர் சில சமயம் காது கேட்காத மாதிரி இருந்திருக்கிறார், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

ஐந்தாம் நாள் சவரம் செய்யப் போனார். கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அசபேயா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைபேசி மேசையில், இன்னும் வெளிச்சம் அணையாமல். ஒபாரே எடுத்தார்.

முதலில் அவர் பெயரை மட்டும் தட்டியிருந்தாள்; 'மறைந்த பண்பாட்டு அறிஞர்' என்று வந்திருந்தது. பிறகு அவள் கேட்டிருந்தாள்: 'ஒபாரே எப்படிச் செத்தார்?' ஏஐ வருத்தம் தெரிவித்து, தேதி சொல்லியிருந்தது. அஞ்சலி போட்ட தேதி. அதற்குக் கீழே அவள் அடுத்த கேள்வி: 'செத்தவர் வீட்டை விட்டுப் போகாம இருந்தா என்ன பண்ணணும்?'

'உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம். மரபுப்படி ஏழு விதிகள் உள்ளன. தினம் ஒன்றாகச் சேர்த்துக் கடைப்பிடிக்கவும். ஒன்று, உணவில் உப்பு கூடாது. இரண்டு, பெயரோ பட்டமோ சொல்லி அழைக்கக் கூடாது. மூன்று, அது பேசினால் பதில் பேசக் கூடாது. நான்கு, படுக்கையைப் பின் அறைக்கு மாற்றவும்...'

பின் அறையில் புழுதி குறைவு என்றுதான் நேற்று படுக்கையை மாற்றினாள் என்று நினைத்திருந்தார்.

'ஐந்து, கண்ணாடிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பவும். ஆறு, நெருங்கிய ஆண் உறவினரை வரவழைக்கவும். ஏழு...'

திரை அணைந்தது.

அணைந்த திரையில் தன் முகம் கலங்கலாகத் தெரிய, ஒபாரேக்கு ஒன்று உறைத்தது. இது அவர் எழுதியது. ஒரு மழை நாளில், சுட்ட வாழைக்காயைத் தின்றுகொண்டே, இருபது நிமிஷத்தில். ஆவிக்கு உப்பு ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. மீதி ஆறும் சொந்தச் சரக்கு. ஒற்றை விதியை மரபு என்று யார் மதிப்பார்கள், ஏழாவது வேண்டாமா என்று இட்டுக்கட்டியது. ஏழாவதாக என்ன எழுதினோம்?

நினைவில்லை.

கைபேசியும் கையுமாகக் கொடிக்கு ஓடினார். "அசபேயா! அந்த ஏழு விதியும் நான் எழுதினதுடி! சும்மா எழுதினேன். அளந்து விட்டேன்!"

தன் வாயால் அவர் ஒப்புக்கொண்ட முதல் உண்மை அது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த கைபேசியிடம் மெல்லக் கேட்டாள். "விதியெல்லாம் தானே எழுதினதுன்னு அது சொல்லுது."

பதில் பெண் குரலில், இதமாக வந்தது. "இறந்தவர்கள் இப்படிச் சொல்வது இயல்பு. மனம் தளராதீர்கள்."

"என் கையைத் தொட்டுப் பாருடி. சூடா இருக்கு பாரு."

அவள் கண்ணில் நீர் வழிந்தது. கையை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் மத்தியானம் லார்பி வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே ஒபாரேக்குப் பாதி உயிர் திரும்பியது. அண்ணன் தோளில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன். அண்ணனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்தவன். இவன் சிரித்தால் போதும், எல்லாம் கலைந்துவிடும்.

"லார்பி! வாடா. உன் அண்ணிக்குப் புத்தி சொல்லு."

லார்பி கறுப்புத் துணி போர்த்தியிருந்தான். கண் வீங்கியிருந்தது. அவரைத் தாண்டி நடந்தான். தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"எந்த ரூம், அண்ணி?"

"பின் ரூம். மத்தியானம் அங்கதான் படுத்துக்குது."

ஒபாரே பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் கைபேசியை எடுத்தார்.

'நான்தான் ஒபாரே. நான் உயிரோடு இருக்கிறேன்.'

'மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.'

அழுகை வந்தது. உலகத்தில் ஒன்றாவது ஒப்புக்கொண்டதே. மறுபடி தட்டினார்.

'அப்படியானால் ஒபாரே உயிரோடு இருக்கிறாரா?'

'இல்லை. ஒபாரே காலமாகிவிட்டார்.'

வெளியே ஏதோ சத்தம். மண்வெட்டி தரையைச் சுரண்டும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், மறுபடி சுரண்டல். ஈரச் சிமெண்டின் வாசனை கதவுக்கு அடியில் நுழைந்தது.

'ஏழாவது விதி என்ன?'

'வாசலையும் சன்னலையும் கல் வைத்து அடைக்கவும். உள்ளிருந்து தட்டும். தட்டும்போது பாடவும். தட்டுவது நின்றால், இன்னும் உரக்கப் பாடவும்.'

ஆமாம். அவருடைய வாக்கியம்தான். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்த வாக்கியம்.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் மோதினார். அந்தப் பக்கம் கனமாக ஏதோ இருந்தது. அதன் மேல் இன்னொன்று வைக்கும் ஓசை. கொத்துக்கரண்டி தட்டும் ஓசை.

தட்டினார். பாட்டு எழுந்தது.

தேவாலயப் பாட்டு. நல்லடக்கத்துக்குப் பாடுவது. கைபேசியின் இதமான குரல் ஒரு வரி சொல்ல, எல்லோரும் அந்த வரியைப் பாடினார்கள். எத்தனை பேர்? முற்றம் நிறைய, சாவுக்கு வந்தவர்கள்.

"லார்பி! டேய், தம்பி!"

பாட்டு.

சன்னலுக்கு ஓடினார். திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கம்பி. கம்பிக்கு அப்பால், படுக்கையாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். அவற்றின் வழியே கோடு கோடாகப் புழுதி வெளிச்சம். கீழ்க்கோடு மறைந்தது. அடுத்தது. அடுத்தது.

தட்டுவதை நிறுத்தினார். மூச்சையும்.

பாட்டு உயர்ந்தது.

ஒரே ஒரு கோடு. அதில் அசபேயாவின் முகம். கன்னத்தில் கண்ணீர் புழுதியோடு சேறாகி இறங்கியிருந்தது. வாய் பாடிக்கொண்டிருந்தது. கண்கள் அவர் பக்கம் இல்லை. கைபேசியில் இருந்தன, அடுத்த வரிக்காக.

லார்பி கல்லை வைத்தான்.