இருபத்தேழாம் நம்பர் எஞ்சின்

வெள்ளிக்கிழமை, காலை 9.10.

டெஸ்மண்ட் லாம்பர்ட் தூசித் துணியை ஒரு முனையிலிருந்து பதவிசாகச் சுருட்டிக்கொண்டே வந்தார். துணிக்கடியிலிருந்து ஹாதர்பி ஜங்ஷன் வெளியே வந்தது. இரண்டு நடைமேடை, மெயின் பாதை, அதிலிருந்து பிரியும் கிளைப் பாதை, மாட்டுப் பட்டி, சுண்டுவிரல் உயரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். எல்லாம் இருந்தது. சுவரோரத்து எஞ்சின் கொட்டகை மட்டும் காலி.

“போச்சு! என் இருபத்தேழு போச்சு!”

பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர். அந்தக் காலத்தில் பேங்க்கே கொள்ளை போயிருந்தாலும் இப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

எங்கள் வின்ஸ்டேலில் இது சின்ன விஷயம் இல்லை. சர்ச் ஹாலில் இருபதடி நீளத்துக்குப் பலகை போட்டு, மூன்று பேர் பதினோரு வருஷமாகக் கட்டிய மாதிரி ரயில் நிலையம் அது. 1934 ஜூன் மாதத்தில் நிஜ ஹாதர்பி ஜங்ஷன் எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே. மறுநாள் சனிக்கிழமை கண்காட்சி. லண்டனிலிருந்து ரயில் பத்திரிகைக்காரர் வேறு பார்க்க வருகிறார். டெஸ்மண்ட் நாலு வருஷம் பித்தளைத் தகட்டை ராவி ராவிச் செய்த எஞ்சின்தான் அந்த நிலையத்துக்கே மாப்பிள்ளை. மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமா?

காலை 9.40.

சார்ஜென்ட் ஜோன் ஹார்க்கர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது, அதிகம் சிரிக்காத பெண்மணி.

“காலைல இருந்து இங்க யாராவது எதையாவது தொட்டீங்களா?”

“துணிய எடுத்தேன். வேற எதையும் தொடல,” என்றார் டெஸ்மண்ட்.

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல. ஐலீன்தான். ஹாலைத் துடைக்கிற பொம்பள. நேத்து ஏழு மணிக்குத் தனியா வந்திருக்கா. போன மாசம், ‘இது என்ன விலை போகும்’னு என்கிட்டயே கேட்டா.”

“விலை கேட்டவங்க எல்லாம் திருடங்கன்னா சந்தைல பாதிப் பேரை உள்ள தள்ளணும், மிஸ்டர் லாம்பர்ட். சாவி?”

“வாசல்ல பூந்தொட்டிக்கு அடியில. எங்க மூணு பேருக்கும் தெரியும். ஐலீன்கிட்ட தனிச் சாவி.”

டெஸ்மண்ட் அதற்குள் ஹால் நிர்வாகிகளுக்குப் போன் செய்துவிட்டிருந்தார். மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறார்கள். ஐலீன் பேசெட் புருஷன் செத்து எட்டு மாதத்துக்கு முன் எங்கள் ஊருக்கு வந்தவள். ஹாலுக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறை வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும்.

மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். மால்கம் ரூக், மருந்துக்கடைக்காரர், மரம், புல், தந்திக் கம்பி எல்லாம் அவர் கைவேலை, வாய் ஓயாது. பெர்சி ஆல்கட், நிஜ ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் கைகாட்டி போட்டவர். இங்கேயும் கைகாட்டிகளை ஏற்றி இறக்கும் லீவர்கள் அவர் பொறுப்பு. வாயைத் திறப்பதே அபூர்வம்.

சார்ஜென்ட் கொட்டகையைப் பார்க்கப் பலகைமேல் குனிந்தார்.

“கம்பி! கம்பி! கைய எடுங்க, சார்ஜென்ட்!” மால்கம் அலறினார்.

முடியைவிட மெல்லிசாக மூன்று தந்திக் கம்பிகள், பலகையின் முன்பக்கம் முழுக்க ஓடின. அவற்றுக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டாத தூரத்தில் கொட்டகை. அதன் வாசலில் கைகாட்டி ஒன்று ‘நில்’ என்று கையை நேராக நீட்டி நின்றது.

“அங்க ஒரு மரம் நடணும்னா நானே நீளப் பலகை போட்டு, அதுமேல குப்புறப் படுத்துத்தான் நட்டேன்,” என்றார் மால்கம். “அந்தப் பலகை என் வீட்ல கிடக்கு.”

“ஒரு கம்பிகூட அறுபடலையே,” என்றார் சார்ஜென்ட். “ அப்ப எஞ்சினைக் கையால தூக்கல. ஓட்டிட்டுப் போயிருக்காங்க.”

“வலது கோடி வரைக்கும் ஓட்டிட்டா, வானம் வரைஞ்ச பலகைக்குப் பின்னால போயிடும். அங்க கைக்கு எட்டும், சுலபமா எடுத்துக்கலாம்,” என்றார் மால்கம்.

“கரண்ட் விடுற திருகைத் திருப்பினா ஓடப்போகுது. அவளுக்குத் தெரியாதாக்கும்?” என்றார் டெஸ்மண்ட்.

“எஞ்சின் நேத்து இங்க இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?”

மால்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். எடுத்த உடனே படம் வருகிற கேமரா அவரிடம் இருந்தது. “நேத்து சாயங்காலம் 5.50. நானும் டெஸ்மண்டும் நின்னு எடுத்தோம். பெர்சி உள்ள கப்பு கழுவிட்டிருந்தார். எடுத்த கையோட துணியப் போத்திட்டு மூணு பேரும் கிளம்பிட்டோம்.”

படத்தில் எஞ்சின் கொட்டகை வாசலில் மூக்கை நீட்டியிருந்தது. பக்கத்தில் கை இறங்கிய கைகாட்டி. சார்ஜென்ட் படத்தை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

“அழகா இருக்கு,” என்றார்.

“எல்லாம் பெர்சிகிட்ட திட்டு வாங்கி வாங்கிச் செஞ்சது. பதினோரு மரத்தைப் பிடுங்கச் சொன்னார், சார்ஜென்ட்! ஏன்னு கேளுங்க. அதெல்லாம் முப்பத்தேழுலதான் நட்டாங்களாம்!” என்றார் மால்கம்.

“இல்லாத மரத்தை வச்சா அது ஹாதர்பி இல்ல, வேற ஊரு,” என்றார் பெர்சி.

“திங்கக்கிழமை எஞ்சின் நம்பருக்கும் ஒரு சண்டை. கடைசில ஓட்டு எடுத்தோம். ரெண்டுக்கு ஒண்ணு. பெர்சி தோத்தார்.”

“முடிஞ்ச கதைய எதுக்கு இப்ப கிளறுறீங்க?” என்றார் டெஸ்மண்ட்.

காலை 10.30.

ஐலீன் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் கெட்டியாக இருந்தது.

“வாங்க. வீட்டைத் தலைகீழாப் புரட்டுங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

“நேத்து துணிய விலக்கினீங்களா?”

“ஐயோ சாமி! வந்த புதுசுல ஒரு தடவை தூசி தட்டப் போய் ஒரு புகைக்கூண்டு உடைஞ்சது. அதுக்கு மிஸ்டர் லாம்பர்ட் ஒரு வாரம் திட்டினாரு. அன்னைலருந்து அந்தப் பக்கமே போறதில்ல. தரையத் துடைச்சேன், ஏழரைக்குப் பூட்டினேன், வந்துட்டேன்.”

“அப்புறம் யாராவது வந்தாங்களா?”

“ஏழே முக்காலுக்கு மிஸ்டர் ரூக் வந்தாரு. ஜன்னல்ல பாத்தேன். அதுக்கப்புறம் நான் ரேடியோ போட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அம்மா, அஞ்சு மணிக்குள்ள எதாவது தெரியுமா? எனக்குப் போக வேற இடம் இல்ல.”

சார்ஜென்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் வழக்கம் அவருக்கில்லை.

காலை 11.15.

“நேத்து திரும்ப வந்தீங்களாமே, மிஸ்டர் ரூக்? என்கிட்ட சொல்லவே இல்லையே?”

மால்கமின் முகம் வெளுத்தது. “கண்ணாடிய மறந்து வச்சுட்டேன். எடுத்துட்டுப் போயிட்டேன், அவ்வளவுதான். சொன்னா நான்தான்னு நினைப்பீங்களேன்னு...”

“சொல்லாததாலதான் நினைக்கத் தோணுது.”

டெஸ்மண்ட் மால்கமை ஒரு பார்வை பார்த்தார். பதினோரு வருஷ சிநேகம் ஒரு நொடியில் ஆட்டம் கண்டது.

“எனக்கு ரயில்னா டிக்கெட் வாங்கி ஏறத்தான் தெரியும்,” என்றார் சார்ஜென்ட். “ஒரு எஞ்சினைக் கொட்டகைக்குள்ள விட்டு, ஆளுக்கு ஒரு தடவை வெளிய கொண்டுவந்து காட்டுங்க. முதல்ல நீங்க, மிஸ்டர் லாம்பர்ட்.”

டெஸ்மண்ட் திருகைத் திருப்பினார். கறுப்பு எஞ்சின் ஒன்று கொட்டகையைவிட்டுக் கிளம்பி, நீட்டிய கைகாட்டியைச் சட்டை செய்யாமல் தாண்டி ஓடி மறைந்தது.

“கைகாட்டிய மதிக்காம போறார் பாருங்க,” என்று பெர்சி முணுமுணுத்தார்.

அடுத்து மால்கம். லீவரை இழுத்துக் கையை இறக்கினார், எஞ்சின் போனது, கை இறங்கினபடியே நின்றது. “கை இறங்கியிருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கு,” என்றார்.

கடைசியாக பெர்சி. இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்தார். வெறுங்கை பட்டால் வியர்வையில் லீவர் துருப்பிடிக்கும் என்று ரயில்வேயில் கற்ற பாடம். துணியோடு லீவரைப் பிடித்து இழுத்தார்; கை இறங்கியது. எஞ்சின் தாண்டிய மறு நொடி, அதைப் பார்க்கக்கூட இல்லை, கை தானாக லீவரைத் திருப்பித் தள்ளியது. கைகாட்டி மறுபடி கையை நீட்டியது.

“நன்றி. எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு,” என்றார் சார்ஜென்ட்.

பகல் 12.00.

அவர் நோட்டுக்குள்ளிருந்த படத்தை எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்தார்.

“நேத்து 5.50க்குக் கொட்டகை கைகாட்டி இறங்கியிருக்கு. படத்துக்கு லட்சணம்னு மிஸ்டர் ரூக் இறக்கி வச்சிருக்கார். சரிதானே?”

“ஆமா. திருப்பிப் போட மறந்துட்டேன். எப்பவும் மறப்பேன்.”

“காலைல நான் வந்தப்ப கை நீட்டியிருந்துச்சு.”

“துணி பட்டு நகர்ந்திருக்கும்,” என்றார் டெஸ்மண்ட்.

“கையோட சேத்து லீவரும் பழைய இடத்துக்கு வந்திருந்துச்சு. துணி லீவரைத் தள்ளுமா? எஞ்சினை ஓட்டிட்டுப் போனவர்தான் தள்ளியிருக்கார். ஐலீனுக்கு எந்த லீவர் எதுக்குன்னே தெரியாது. மிஸ்டர் லாம்பர்ட்டுக்குக் கைகாட்டின்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் இல்ல. மிஸ்டர் ரூக் இறக்குவார், ஏத்த மாட்டார். வண்டி தாண்டினதும் கைய நீட்டி வைக்கிற ஆள் இந்த ஹால்ல ஒருத்தர்தான்.” சார்ஜென்ட் திரும்பினார். “எஞ்சின் எங்க, மிஸ்டர் ஆல்கட்?”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பெர்சி கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலிக்கடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே, துணியில் சுற்றி, கீறல் இல்லாமல், இருபத்தேழு.

“பெர்சி! நீயா?” டெஸ்மண்டுக்கு மூச்சு வாங்கியது.

“ராத்திரி வந்து எடுத்தேன். ஞாயித்துக்கிழமை திருப்பி வச்சிருப்பேன். சத்தியமா. இருபத்தேழை முப்பத்தொண்ணுலயே உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சு, டெஸ்மண்ட். முப்பத்துநாலு ஜூன்ல அது எப்படி கொட்டகைல நிக்கும்? தலதலயா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? நாளைக்கு லண்டன்காரன் பாத்தா நம்ம பதினோரு வருஷமும் சந்தி சிரிச்சிருக்கும்.”

“காலைல மிஸ்டர் லாம்பர்ட் ஐலீன் பேரைச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் சார்ஜென்ட்.

“... வர்றப்போ மால்கம் சொன்னார்.”

“அஞ்சு மணிக்கு வீடு போகும்னு தெரியுமா?”

பெர்சி ஆமென்று தலையை ஆட்டினார்.

“ஆளே இல்லாத ஹால்ல, ஒரு பொம்மைக் கைகாட்டியத் தப்பா விட்டுட்டுப் போக உங்களுக்கு மனசு வரல, மிஸ்டர் ஆல்கட். அந்தப் பொம்பளைய மட்டும் எப்படி விட்டுட்டுப் போனீங்க?”

பெர்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்கும். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கேள்வி அவருக்கு வேண்டியதுதான்.

நிர்வாகிகளுக்கு டெஸ்மண்ட் மறுபடி போன் செய்தார். கூட்டம் ரத்தானது. எஞ்சின் விஷயத்தில் புகார் இல்லை என்று எழுதியும் கொடுத்தார்.

பகல் 12.40.

பெர்சி தனியாகப் போய் ஐலீன் கதவைத் தட்டினார். தொப்பி கையில் கசங்கியது.

“மன்னிச்சிருங்க, மிஸஸ் பேசெட். நான்தான் எடுத்தேன்.”

ஐலீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மிஸ்டர் லாம்பர்ட் என்னைத் திருடின்னு எங்க சொன்னாரு தெரியுமா? தெருவுல நின்னு சொன்னாரு. பால்காரர் கேட்டாரு, ரொட்டிக்கடைக்காரம்மா கேட்டாங்க. நீங்க மட்டும் என் வாசல்ல வந்து ரகசியமா சொல்லிட்டுப் போனா எப்படி?”

“என்ன செய்யணும்?”

“நாளைக்குக் கண்காட்சி திறக்கும்போது மைக் இருக்கும்ல? அதுல சொல்லுங்க.”

நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறவர் பெர்சி. மைக்கைக் கண்டாலே அவருக்கு உதறும். “சரி” என்று சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை, காலை 10.00.

ஹால் நிரம்பியிருந்தது. லண்டன்காரர் முன்வரிசையில் நோட்டும் கையுமாக இருந்தார். டெஸ்மண்ட், பக்கத்தில் மால்கம், இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேநீர் மேஜைக்குப் பின்னால் ஐலீன், கைகளைக் கட்டிக்கொண்டு.

பெர்சி மைக் முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். உதடு அசைந்தது.

“இருபத்தேழாம் நம்பர் எஞ்சினை எடுத்தது நான். மிஸஸ் பேசெட் இல்ல.”

முன்வரிசைக்கே பாதிதான் கேட்டது. பின்னாலிருந்து ஐலீனின் குரல் வந்தது.

“இங்க கேக்கல, மிஸ்டர் ஆல்கட். இன்னும் சத்தமா!”

பெர்சி மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி சொன்னார். இந்தத் தடவை வெளியே டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.