காயாத பட்டி

காலை 8.40. அரியலூரில் சிமெண்டு லாரிகள் வைத்திருக்கும் சிங்காரவேலுவின் வீட்டு மாடியறையில் பீரோ திறந்து கிடந்தது. அவர் மனைவி பானுப்ரியாவின் கல்யாண ஆரத்தைக் காணவில்லை.

முந்தின நாள் முழுக்க அந்த அறையில் வேலை பார்த்தவள் பெயிண்டர் சத்யப்பிரியா. அங்கே தடுப்பாக நின்ற ஜிப்சம் போர்டு சுவரில் ஆணி ஓட்டைகளைப் பட்டி மாவு குழைத்து வைத்து அடைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தாள். இன்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வந்தவளைச் சிங்காரவேலு வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மரியாதையா குடுத்துட்டுப் போயிடு. போலீஸ் வேணாம்னு பார்க்குறேன்."

"எனக்கு வேணும் சார்," என்ற சத்யப்பிரியா, தானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

9.25. எஸ்.ஐ. பரிமளா வந்தார். ஜீப்பைப் பார்த்து அக்கம்பக்கத்துக்காரர்கள் வாசலில் கூடினார்கள்.

"ஆரத்தைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்துக் காலைலங்க," என்றாள் பானுப்ரியா. "சாவி பீரோ மேலதான் இருக்கும். சாயங்காலம் இவ போனப்புறம் வேலையைப் பார்க்க மேல போனேன். நாலு ஓட்டையும் சுத்தமா அடைச்சிருந்தா. பீரோவைத் திறக்கலை."

அடுத்தது அவள் தம்பி அழகேசன். ஒரு வாரமாக அங்கே தங்கியிருப்பவன்.

"நீங்க எப்ப மாடிக்குப் போனீங்க?"

"நேத்து மத்தியானம் ஒரு தடவை. அப்புறம் போகவே இல்லை. இந்தப் பொண்ணு அஞ்சு ஓட்டைக்கும் பட்டி வச்சுட்டு பீரோகிட்ட நின்னுச்சு."

சத்யப்பிரியா நிமிர்ந்தாள். "மேடம், நான் சுவரைப் பார்க்கணும்."

"நீ எதுக்கு மேல போற?" சிங்காரவேலு குறுக்கே வந்தார்.

"பழி என் மேலதானே சார்?" அவரைத் தாண்டிப் படியேறினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள்.

9.50. வெள்ளைத் திட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தினாள். நான்கு கல்லாய் இறுகியிருந்தன. பீரோவை ஒட்டியிருந்த ஐந்தாவதில் நகம் புதைந்தது.

"நேத்து வச்ச பட்டி ராத்திரிக்குள்ள காஞ்சிடும் மேடம். இது இன்னிக்குக் காலைல வச்சது. நீங்க வர்ற வரைக்கும் நான் வாசப்படியே தாண்டலை. மிச்சப் பட்டி மாவு இங்கதான் இருந்துச்சு."

அழகேசன் பக்கம் திரும்பினாள்.

"அக்கா சாயங்காலம் பார்த்தப்ப நாலு. உங்களுக்கு மட்டும் மத்தியானமே எப்படி அஞ்சு?"



பட்டித் தகட்டால் ஈரத்தைச் சுரண்டினாள். இரண்டு விரல் அகலத்தில் துளை. அதன் விளிம்பில் ஒரு நூல். இழுத்தாள். இரண்டு போர்டுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்திலிருந்து ஆரம் மேலே வந்தது.

"என்னைப் பிடிச்சுட்டுப் போனதும், சாவகாசமா உருவிக்கலாம்னு இருந்திருக்காரு."

பானுப்ரியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிங்காரவேலு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், மச்சான் மேல கேஸ் வேணாம். பொருள்தான் கிடைச்சிருச்சே. நீயும் விட்டுரும்மா."

"நான் எடுத்திருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

சத்யப்பிரியா பரிமளா பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க மேடம். சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

பரிமளா நோட்டைத் திறந்தார். "பேரு? தொழில்?"

"சத்யப்பிரியா. பெயிண்டர்," என்று உரக்கச் சொன்னாள். கீழே கூடியிருந்த அக்கம்பக்கத்துக்காரர்களுக்கும் அது கேட்டது.