பூட்டரிசி

ஏழாம் கோபுரத்தின் படிக்கட்டில் எலிப் புழுக்கையைப் பார்த்த அன்று செசிலிக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் நின்ற பதினொரு தானியக் கோபுரங்களுக்கும் அவள் ஒருத்திதான் காவல். எதனிடமிருந்து காப்பது என்றுதான் யாருக்கும் தெரியாது. பூட்டரிசி வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. நெல்மணிக்குள் மாவுச்சத்தைக் கிளைகிளையாகப் பின்னுகிற நொதியை விஞ்ஞானிகள் மாற்றி, எந்த உயிரின் எச்சிலாலும் குடலாலும் அறுக்க முடியாத பின்னலைப் போட வைத்திருந்தார்கள். அதை அவிழ்க்கத் தெரிந்தது ‘திறவி’ என்ற நுண்ணுயிர் மட்டும். ஒருமுறை வாயில் சொட்டு விட்டால் ஆயுளுக்கும் மனிதக் குடலில் குடியிருக்கும். பிற்பாடு கோதுமை, சோளம், மரவள்ளி எல்லாவற்றுக்கும் அதே பூட்டைப் போட்டார்கள். வண்டும் எலியும் பறவையும் தின்று தீர்த்த விளைச்சல் முழுதும் மனிதனுக்கே வந்து சேர்ந்தது. பட்டினிச் செய்திகள் நின்றுபோயின. கூடவே, குருவிகள் கிடங்குப் பக்கம் வருவதும் நின்றுபோனது.

செசிலியின் புருஷன் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. திங்கட்கிழமைகளில் மேலாளர் மாசிலாமணி திரையில் தோன்றி இரண்டு நிமிடம் பேசுவார். மற்ற ஆறு நாளும் அவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே வராது.

மூன்றாம் நாள் எலி கண்ணில் பட்டது. பூட்டரிசியைத் தின்று நன்றாகக் கொழுத்திருந்தது. சாக்கடையில் திரிந்து, மனிதக் கழிவிலிருந்து திறவியைத் தன் குடலுக்குள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தவுடன் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவள் தெரிவிக்கவில்லை. மதியச் சோற்றை அங்கே கொண்டுபோய், ஒரு பிடியைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“நேத்து எங்க போன?” என்று அதைக் கேட்டாள். பிறகு தன் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னாள். புருஷன் சாப்பிடும்போது பேசவே மாட்டான் என்பதையும் சொன்னாள்.

இப்படிப் பதினெட்டு நாள் போயிற்று. பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை.

“ஏழுல எடை குறையுதே, செசிலியம்மா,” என்றார் மாசிலாமணி. “கருவி பழுதா?”

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “எலி கெடக்கு சார்.”

“எலி கெடந்தா என்ன? அது என்னத்தத் திங்கும்?”

“அரிசியத்தான் திங்குது.”

அவர் குனிந்து எடைக் கணக்கை மறுபடி பார்த்தார்.

அடுத்த நாளே நச்சுப்புகை விட்டார்கள். செத்த எலியை அவள்தான் அள்ளிப் போட்டாள். மற்றத் துறைமுகங்களில் தேடிப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. ஒரு வருடத்துக்குள் பூட்டையே மாற்றினார்கள். நொதி மாறியது, பின்னல் மாறியது, விதைகள் எல்லாம் புதிதாக வந்தன. எலிகளுக்குக் கிடைத்துவிடக் கூடாதென்று பழைய இருப்பை எரித்தார்கள். ஊர் ஊராகப் புதிய திறவிச் சொட்டு விட்டார்கள்.

செசிலிக்கு அந்தச் சொட்டு ஒட்டவில்லை. மூன்று முறை விட்டுப் பார்த்தார்கள்.

“உங்க வயித்துல இருக்கிற பழசு, புதுசை உள்ள விடமாட்டேங்குது,” என்றார் மருத்துவர்.

“பழச அழிக்க முடியாதா, டாக்டர்?”

“அழிச்சுப் பார்த்தோம், திரும்ப வந்துடுது. ஆயுசுக்கும் இருக்கணும்னு செஞ்சதாச்சே.”

நூறு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்றார்கள். அவர்களுக்கு மாதம் ஒரு டின் சத்துத்தூள். முதல் வாரம் வாங்க மருத்துவமனையில் வரிசை நிற்கும். செசிலிக்கு முன்னால் எப்போதும் சுயம்புகனி என்ற தையல்காரி நிற்பாள்.

“சோறு தின்னா வயிறு நெறையுதுக்கா. ஒரு மணி நேரத்துல பசி வந்து நிக்கி,” என்றாள் ஒருநாள். “வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்தா நான் தெருவுக்கு வந்துருவேன்.”

செசிலியை வேலையிலிருந்து அனுப்பவில்லை. “அரிசியத் திங்க முடியாத ஆளுதான் காவலுக்குத் தோது,” என்றார் மாசிலாமணி, வேடிக்கையாக. அவளும் சிரித்து வைத்தாள்.

மறுவருடம் மூன்றாம் கோபுரத்தில் ஒரு எலி ஓடியது. அதுவும் கொழுத்திருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நச்சுப்புகைக்குத் தப்பி, பழைய திறவியோடு பிழைத்த எலிகளின் வாரிசாகத்தான் இது இருக்க வேண்டும். அப்படியானால் இதன் குடலில் பழையதும் புதியதும் சண்டையில்லாமல் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மருத்துவரால் முடியாதது இந்த எலிக்கு எப்படியோ முடிந்திருக்கிறது.

மனிதக் கழிவிலிருந்து எலிக்குப் போனது எலியின் கழிவிலிருந்து தனக்கும் வரலாம் என்று தோன்றியது. புழுக்கையைப் பொறுக்கி, காயவைத்து, பொடித்து, மோரில் கரைத்தாள். இரண்டு முறை குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஒரு கைப்பிடி அரிசி வடித்து ஒரு மணிக்குச் சாப்பிட்டாள். இரண்டு அடித்தது, மூன்று அடித்தது. ஐந்து மணி ஆகியும் பசி வரவில்லை. சட்டியைக் கழுவாமல் வெறுமனே அதைப் பார்த்தபடி இருந்தாள்.

“எலி கிலி உண்டா?” என்றார் மாசிலாமணி, திங்கட்கிழமை.

“இல்ல சார்.”

சொன்னால் மறுபடி பூட்டை மாற்றுவார்கள். இந்தமுறை நூறில் எத்தனை பேருக்கு ஒட்டாமல் போகுமோ. இருப்பில் எடை குறையாமலிருக்க, தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து எலிக்கு வைத்தாள். அதனிடம் பேச மட்டும் மனம் வரவில்லை.

டின் வாங்கப் போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள். போனாள். வரிசையில் அறுபது பேராவது இருக்கும். சுயம்புகனி திரும்பிப் பார்த்தாள். தளர்ந்த வளையல்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன.

“கன்னம் தேறியிருக்கேக்கா. என்ன சாப்பிடுதிய?”

செசிலி முந்தானையை முகத்துக்கு இழுத்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“வரிசைய விட்டு வாங்க. வீட்டுல வச்சுச் சொல்லுதேன்.”

“டின்னு?”

“டின்னு வேண்டாம்.”

மெதுவாகத்தான் சொன்னாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து நின்ற பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளுக்கும் பின்னால் வரிசை மொத்தமாக இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

இத்தனை பேர் வாயை அடைக்க முடியாது என்று செசிலிக்குத் தெரிந்தது. இருந்தும் பின்னால் வருகிறவர்கள் வந்து சேரட்டுமென்று நடையைக் குறைத்தாள்.