நனைந்த திருநீறு

பிணத்துக்கு வியர்க்காது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா செல்லாயிக்கு அது தெரியும். ஆனாலும் துணியை விலக்கியபோது, சிறுமி பாப்பாவின் நெற்றித் திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது.

கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். வெளியே மழையே இல்லை.

மாலையில், தீமிதித் திடலில் எவனோ ஒருவன் வேட்டைத் துப்பாக்கியோடு வந்து கூட்டத்தைச் சுட்டுத் தள்ளியிருந்தான். ஈப்போ நகரத்திலிருந்து வந்ததோ ஒரே ஆம்புலன்ஸ். டெட்டாலும் ரத்தமும் கருகிய சாமந்தியும் கலந்து நாறிய வராந்தாவில், சந்தையில் கெட்ட மீனைக் கழிப்பதுபோல் மனிதர்களைக் கழிக்க வேண்டியிருந்தது.

"நாடி இல்லாதவங்க நெத்தியில திருநீறு பூசிடு, ஆயா," என்றார் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸர் கார்த்திகேசு. "ஆம்புலன்ஸ் ஆளுங்க மலாய்க்காரங்க. சொல்லிட்டேன். திருநீறு இருந்தா ஏத்த மாட்டாங்க."

ஏற்றவில்லை. ஏற்றாமல் விட்டவர்களைப் பின்னறையில் கிடத்தித் துணி போர்த்திவிட்டுப் போனார்கள். டிரஸரும் அதே வண்டியில் போய்விட்டார்.

கதவுக்கு வெளியே பாப்பாவின் அப்பா ஐயாவு. "அக்கா, புள்ள தண்ணி கேக்குறா லா. காதுல விழுது."

"மனசு அப்படித்தான் தம்பி கேக்கும். முடிஞ்சுபோச்சு." முன்பே ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"சரியான வாயாடி அக்கா அவ. செத்தாலும் பேசுவா," என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

செல்லாயி விளக்கைத் தாழ்த்தினாள். பாப்பாவின் நெற்றியில் கலைந்தும் கலையாமலும் மூன்று கோடுகள்.

நாடி இல்லாதவர்களுக்கு அவள் பூசியது கட்டைவிரலால். ஒரே தீற்று.

மூன்று விரலால் பூசுபவர் பூசாரி. தீமிதிக்கு முன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பூசினாரே. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இந்தத் திருநீறும் அந்தத் திருநீறும் ஒன்றுதான்.

மணிக்கட்டைப் பற்றினாள். சூடு இருந்தது. நாடி இல்லை. உலர்ந்த உதடு 'தண்' என்று திறந்தபடியே நின்றிருந்தது.

அடுத்த துணி. மூன்று கோடு. ஈரம்.

அடுத்தது. மூன்று கோடு. ஈரம்.

"அக்கா," கதவு மெல்லத் தட்டப்பட்டது. "இப்ப உள்ள நெறைய பேரு தண்ணி கேக்குறாங்க லா."

மூலையில் கடைசித் துணி. விளக்கை அருகே கொண்டுபோனாள். விலக்கினாள்.

ஒற்றைத் தீற்று. அவள் கட்டைவிரல். அவளே நாடி பார்த்துப் பூசியது.

அதுவும் கரைந்து, கன்னத்தில் வழிந்து, வாயோரம் தேங்கியது.

நாக்கு மெதுவாக வெளியே வந்து அதை நக்கியது.